மூன்று பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் பிரிட்ஜ்

கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் பெரிய கடைவாய்ப் பற்கள் இரண்டும், அவற்றுக்கு முந்தைய சிறிய கடைவாய்ப் பல்லும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நிலை இது. முன்பக்கம் ஒரு பல் இருக்கிறது. பின்பக்கம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இவர் மருத்துவரிடம் போனால், தாடை எலும்பில் திருகு போன்ற இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அவற்றின் மேல் மூன்று செயற்கைப் பற்கள் ஒன்றாக இணைந்த பிரிட்ஜ் மாட்டிவிடலாம், பிறகு காலத்துக்கும் கவலை இல்லை என்று சொல்லப்பட வாய்ப்பு அதிகம். சொன்னதில் முதல் பாதி நல்ல யோசனை. இரண்டாம் பாதிக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்தச் சிகிச்சையை நாம் தவறான அளவுகோலால் அளக்கிறோம் என்பது என் கருத்து. எலும்பில் இம்ப்ளான்ட் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். போட்டவருக்கு எத்தனை ஆண்டு தொல்லையில்லாமல் இருந்தது, கெட்டுப்போனால் சரிசெய்ய முடிந்ததா, அவர் கையாலேயே அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிந்ததா என்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் மீதான நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனபோது அது வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றியிருந்தது. 1965இல் யோஸ்டா லார்ஷோன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார். 2006இல் லார்ஷோன் இறக்கும்வரை அவை பயனில் இருந்தன. நாற்பது ஆண்டு! விளம்பரங்களில் தொனிக்கும் ‘ஆயுள் முழுக்க’ என்ற நம்பிக்கைக்கு வேர் இந்த மாதிரி வெற்றிகள்தான்.

ஆனால் ஒருவரின் கதை எல்லாருக்கும் சான்றாகாது. பிரோனெமார்க்கின் குழு 1981இல் வெளியிட்ட பதினைந்து ஆண்டு ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 371 பேர், 410 தாடைகள், 2,768 இம்ப்ளான்ட்கள். ஐந்து முதல் ஒன்பது ஆண்டு கண்காணிக்கப்பட்ட பிரிவில் மேல்தாடை இம்ப்ளான்ட்களில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் உறுதியாக நின்றன. பிரிட்ஜைக் கணக்கெடுத்தால் மேலே 89, கீழே 100 விழுக்காடு. இம்ப்ளான்ட் விழுந்த அளவுக்கு பிரிட்ஜ் ஏன் விழவில்லை? மேலே உள்ள எண்களை வகுத்தாலே விடை கிடைக்கிறது. தாடை ஒன்றுக்குச் சராசரியாக ஆறேழு இம்ப்ளான்ட். ஒன்று போனாலும் மற்றவை தாங்கிவிட்டன. நம் மூன்று பல் நோயாளிக்கு இருப்பதோ இரண்டே இரண்டு. அதில் ஒன்று போனால் பிரிட்ஜ் முழுவதும் போயிற்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்த வெற்றி விகிதத்தை மட்டும் அவர் முன் வைப்பது நியாயமில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அந்தத் தாடையில் ஒரு பல்கூட இல்லாதவர்கள். நம் நோயாளிக்கு மற்ற பற்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ஈறும், ஈறுநோய்க் கிருமிகளும் இருக்கின்றன. அவருக்கு மூன்று பல் போனதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்: கவனிக்காத சொத்தை, ஈறுநோய், புகையிலை, கட்டுக்குள் வராத சர்க்கரை. பல் போன பிறகும் அந்தக் காரணம் வாயை விட்டுப் போய்விடுவதில்லை. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கி, சீழ் பிடித்து, எலும்பு கரையலாம். முன்பு ஈறுநோய் இருந்தவருக்கும் புகைபிடிப்பவருக்கும் இந்த ஆபத்து கூடுதல். முதலில் ஈறுநோயை ஆற்றி, சில மாதம் பொறுத்துப் பார்த்து, அதன்பின் இம்ப்ளான்ட் என்ற வரிசையை மாற்றுகிற மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவர் கட்டுவது பலவீனமான அடித்தளத்தின் மேல்தான்.

இனி நேர் ஒப்பீடு. ஐஸ்லாந்தைச் சேர்ந்த பியார்னி பியெட்டுர்சன் 2007இல் தன் சக ஆய்வாளர்களோடு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, இயல்பான பற்கள் தாங்கும் பிரிட்ஜையும் இம்ப்ளான்ட் தாங்கும் பிரிட்ஜையும் அருகருகே வைத்தார். பத்தாம் ஆண்டில் வாயில் நிலைத்திருந்தவை: பல் தாங்கியது 89.2 விழுக்காடு, இம்ப்ளான்ட் தாங்கியது 86.7 விழுக்காடு. இந்தச் சிறு இடைவெளியை வைத்து எது நீண்டகாலம் நிற்கும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ‘இம்ப்ளான்ட் வைத்தால் கட்டாயம் அதிக காலம் நிற்கும்’ என்ற வாதத்தை நிராகரிக்க இது போதும். அதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டில் ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் பல் தாங்கும் பிரிட்ஜில் 15.7 விழுக்காடு, இம்ப்ளான்ட் பிரிட்ஜில் 38.7 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல். 2012இல் இதே குழு புதிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இம்ப்ளான்ட் பிரிட்ஜ் வைத்தவர்களில் ஐந்தாண்டு முழுவதும் எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் 66.4 விழுக்காட்டினர்தான். நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: இந்தச் சிக்கல்களில் பல சின்னவை. பீங்கான் ஓரம் உடைவது, திருகு தளர்வது, துளையை மூடிய பூச்சு கழன்று விழுவது. சரிசெய்யக்கூடியவை. ஆனாலும் ஒவ்வொன்றும் மருத்துவமனைக்கு ஒரு நடை, ஒரு செலவு. மூவரில் ஒருவருக்கு ஐந்தாண்டுக்குள் இது நேரும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பீங்கான் ஏன் உடைகிறது? இயல்பான பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. சோற்றில் கல் கிடந்தால் பல் அந்தக் கணமே உணர்ந்து தாடையை நிறுத்திவிடுவது அதனால்தான். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அந்தப் படலம் இல்லை, எலும்போடு நேராக ஒட்டியிருக்கிறது. உணர்வு முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது, எலும்பும் தசையும் தகவல் அனுப்பும். ஆனால் கூர்மை குறைவு. கல் முழு வேகத்தில் கடிபட்டுவிடும். இதே காரணத்தால்தான் ஒரு முனையை இயல்பான பல்லிலும் மறுமுனையை இம்ப்ளான்ட்டிலும் தாங்கவிடும் பிரிட்ஜ் மோசமான சமரசம். பல் சற்றே அசையும், இம்ப்ளான்ட் அசையாது. 2007 கணக்கில் இந்த வகை பத்தாண்டில் 77.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒரு இம்ப்ளான்ட் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது இதைப் பரிந்துரைத்தால் மறுத்துவிடலாம்.

பிரிட்ஜை இம்ப்ளான்ட்டோடு இணைக்கும் முறை பற்றி நோயாளிகள் கேட்பதே இல்லை. நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் தொல்லைகளில் கணிசமானவை இங்கேதான் முளைக்கின்றன. ஒரு முறை, சிமென்ட் போட்டு ஒட்டுவது. அழகாக இருக்கும், மேலே துளை தெரியாது. ஆனால் ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட் ஈறுக்குள் ஆழமாகப் போய்விட்டால் முழுவதும் எடுப்பது கடினம். அந்தத் துணுக்கு அங்கேயே தங்கி ஈறைப் புண்ணாக்கும். மற்றது, திருகு போட்டு மாட்டுவது. கடிக்கும் பரப்பின் நடுவே சிறு துளை இருக்கும். அதன் வழியே திருகை அளவுபார்த்து முடுக்குவார்கள், பல அமைப்புகளில் முப்பது, முப்பத்தைந்து நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசையில். திருகின் தலைமேல் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் அதே வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுருட்டி அடைத்து, மேலே பல் நிறப் பூச்சு வைப்பார்கள். என்றாவது திருகு தளர்ந்தால் பூச்சைக் கிளறி, நாடாவை ஊசியால் இழுத்து எடுத்து, பிரிட்ஜை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டலாம். உடைக்க வேண்டியதில்லை. பின்பற்களில் துளை தெரிந்தால் என்ன குறை? கடைவாயில் பிரிட்ஜ் வைப்பவருக்கு திருகு முறையே சரி என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

மாற்று வழிகளையும் எடைபோடாமல் தீர்ப்பு முழுமையாகாது. இருபுறமும் பல் இருக்கும் இடைவெளியில் வழக்கமான பிரிட்ஜ் போடலாம். அதற்கு நல்ல பற்கள் இரண்டைச் சுற்றிலும் அரைக்க வேண்டும், போன எனாமல் திரும்ப வராது. பத்தாண்டில் பத்துப் பல்லில் ஒன்று என்ற அளவில் அரைத்த பல்லின் உயிர் பட்டுப்போய் ரூட் கேனால் தேவைப்படுகிறது. பக்கத்துப் பற்கள் தொட்டுப்பார்க்காத நல்ல பற்களாக இருந்தால் இது பெரிய இழப்பு. அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் இழப்பு மிகக் குறைவு, அப்போது வழக்கமான பிரிட்ஜே மேல். கழற்றி மாட்டும் பல்செட்டில் மெல்லும் சுகம் குறைவு, கம்பி பிடிக்கும் பற்களில் அழுக்குச் சேரும். ஆனால் அறுவை இல்லை, விலை குறைவு, நாளை வேறு முடிவு எடுக்கத் தடையும் இல்லை.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது: ஒன்றும் செய்யாமல் விடுவது. நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆய்வாளர் ஆர்ன்ட் கைசர் 1981இல் காட்டியது இது. பின்கடைவாய்ப் பற்கள் இல்லாவிட்டாலும், முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழுமாகப் பொருந்தியிருந்தால் பெரும்பாலோருக்கு மெல்லப் போதுமான அளவு இருக்கிறது. ஜப்பான் 1989இல் தொடங்கிய ‘8020’ இயக்கமும் எண்பது வயதில் இருபது பல்லைத்தான் இலக்காக வைத்தது, முப்பத்திரண்டை அல்ல. கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போனவருக்கு, அவருக்கே குறை தெரியாதபோது, இம்ப்ளான்ட் பேச்சை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் பெரும்பாலும் இந்தச் செலவு நோயாளியின் சொந்தப் பையிலிருந்து போகிறது. தேவையில்லாத இடத்தில் அதைச் செய்வது சின்னத் தவறு அல்ல.

முதலில் சொன்ன நோயாளிக்கு வருவோம். பின்னால் பல் இல்லாததால் அவருக்கு வழக்கமான பிரிட்ஜ் கிடையாது. மூன்று பல் போனதால் மெல்லுவது பாதிக்கப்படுகிறது. அப்படியானால் இரண்டு இம்ப்ளான்ட், நடுவில் தொங்கும் ஒரு பல், திருகில் மாட்டும் பிரிட்ஜ். அவருக்கு இதைவிடச் சிறந்த நிலையான தீர்வு இல்லை என்று நான் நம்புகிறேன். மூன்றுக்கு மூன்று இம்ப்ளான்ட் வைக்காமல் இரண்டில் நிறுத்துவதும் சரி. நடுவே இடைவெளி இருந்தால்தான் இடைப்பல் தூரிகை நுழையும். ஆனால் என் இசைவு நிபந்தனையோடுதான். ஈறுநோய் ஆறியிருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலையை விட்டிருக்க வேண்டும். கீழ்த்தாடை நரம்புக்கு மேலே போதிய எலும்பு இருப்பதை முப்பரிமாண ஸ்கேனில் பார்த்திருக்க வேண்டும். எலும்பைப் பலப்படுத்தும் சில மருந்துகளை உட்கொள்கிறவரும், தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தவரும் முதலில் தங்கள் சொந்த மருத்துவரைக் கேட்க வேண்டும். வைத்த இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு நோயாளியின் கையில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் திருகு பொதுவாக இன்னொன்றில் பொருந்தாது. பத்தாண்டு கழித்து வேறு ஊரில் திருகு உடைந்தால் அந்தச் சீட்டு இல்லாமல் மருத்துவர் திண்டாடுவார்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐம்பத்தைந்தில் கண்ணாடி முன் நின்று தூரிகையை பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்துச் சுத்தம் செய்கிற அதே கை, எண்பதில் நடுங்கலாம், பக்கவாதத்தில் விழுந்தும் போகலாம். கழற்றும் பல்செட்டை மகளோ மருமகளோ வெளியே எடுத்துக் கழுவிவிடுவார்கள். நிலையான பிரிட்ஜுக்கு அடியில் சுத்தம் செய்ய அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நகரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது இன்னும் கடினம். எழுபதைக் கடந்து, விரல் பிடிமானம் ஏற்கெனவே குறைந்தவருக்கு இந்த பிரிட்ஜைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு நன்கு செய்த கழற்றும் பல்செட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறு பரிசோதனையும் போதும்.