அப்பத்தாவின் போனுக்கு என்ன வழி?

எங்கள் வீட்டில் பெற்றோர் கட்டுப்பாடு போட்ட கருவிகள் மூன்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளின் ஆண்ட்ராய்டு போன், அவளும் தம்பியும் பாடம் பார்க்கும் ஐபேட், மேசை மேல் இருக்கும் விண்டோஸ் லேப்டாப். பிள்ளைகள் அதிக நேரம் பார்க்கும் திரை இந்த மூன்றிலும் இல்லை. அது என் மாமியாரின் போன். கோடை விடுமுறை முழுக்க இந்த ஏற்பாட்டோடு இருந்து பார்த்தபின் எழுதுகிறேன். அந்த நான்காவது போனைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

மற்ற மூன்றையும் சுருக்கமாக முடித்துவிடலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017-இல் வந்தது. ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் 2018-இல், ஐஓஎஸ் 12 உடன் வந்தது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. நாளுக்கு இத்தனை மணி நேரம், இரவு இத்தனை மணிக்குப் பூட்டு, இந்த ஆப் வேண்டும், அந்த ஆப் வேண்டாம் என்று மூன்றும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலைதான். விண்டோஸில் மட்டும் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். இணையதள வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். அதனால் வடிகட்டியைப் போட்டதும் குரோம் போன்ற மற்ற பிரவுசர்களுக்குத் தடை விழும். பள்ளிக்கூட வேலையெல்லாம் குரோமில் நடக்கும் வீடு என்றால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றில் என் மனம் ஃபேமிலி லிங்க் பக்கம்தான். மகள் ஒரு ஆப் இறக்க நினைத்தால் கோரிக்கை என் போனுக்கு வருகிறது. நான் சம்மதித்தால்தான் இறங்கும். "இது எதுக்குடா?" என்று கேட்க அது ஒரு வாய்ப்பு. பதில் சொல்வதற்காக அவளும் யோசிக்கிறாள். சில நேரம் யோசித்துவிட்டுக் கோரிக்கையைத் தானே விட்டுவிடுகிறாள். நேரம் முடிந்து போன் பூட்டிக்கொண்டாலும் வருகிற அழைப்பை அவளால் எடுக்க முடியும். டியூஷன் முடிந்து தெருமுனையில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிட முக்கியமான வசதி கிடையாது.

இரவு ஒன்பது மணிக்கு அவள் போன் பூட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து குரல் வரும்: "அப்பத்தா, உன் போனைத் தாயேன், காலையில கேக்க முருகன் பாட்டு எடுத்து வச்சுத் தர்றேன்."

பாட்டை எடுத்து வைக்கத்தான் செய்கிறாள். அதன்பின் போன் திரும்பி வருவதில்லை. அத்தையின் போனுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுத்ததே அவள்தான். வாட்ஸ்அப்பில் இடம் நிறைந்துவிட்டால் காலி செய்வது மூன்றாம் வகுப்புப் பேரன். ரீசார்ஜ் முடிகிற தேதிகூட அவனுக்குத்தான் தெரியும். கருவியின் சொந்தக்காரர் பெரியவர், அதை நிர்வகிப்பது பிள்ளை. நான் பார்த்த வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்கள் எல்லாமே இதற்கு நேர் எதிரான நினைப்பில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி, அதில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு, சாவி பெரியவர் கையில். கட்டுப்பாடு கணக்கோடு ஒட்டியிருப்பதால், அப்பத்தாவின் கணக்கில் ஓடுகிற போனுக்குள் அது எட்டிப்பார்ப்பதே இல்லை.

இதில் நேரம் வீணாவது சின்ன விஷயம். அந்தப் போனில் யூடியூப்பைத் திறக்கும் பேரனை யூடியூப் ஒரு வயதான பெண்மணியாகத்தான் பார்க்கிறது. பரிந்துரைகளும் விளம்பரங்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. பிள்ளை பெரியவரின் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பாதுகாப்பு எதுவும் அவனை வந்து சேராது, ஏனென்றால் அங்கே ஒரு குழந்தை இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது. எனக்கு உறக்கம் கெடுவது இதனால்தான்.

தொழில்நுட்பத்தில் இதற்கு விடை இல்லாமல் இல்லை. ஒரே கருவியில் பலர் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு டேப்லட்களுக்கு 2012-இலும், போன்களுக்கு 2014-இல் ஆண்ட்ராய்டு 5 உடனும் வந்துவிட்டது. ஆனால் போன் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் மாடல்களில் அதை எடுத்துவிடுகிறார்கள். அத்தையின் போனிலும் செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை. வீட்டில் புழங்கும் ஐபேடிலும் பல பயனர் வசதி கிடையாது, பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும்தான் தருகிறார்கள். ஒருவர் வாங்கி ஐந்து பேர் புழங்கும் வீடுகள் நிறைந்த நாட்டில் இந்த வசதியை எடுத்துவிட்டு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமராவைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி சொல்லலாம்.

கடைசியில் அத்தையிடமே உட்கார்ந்து பேசினேன். "உங்க போன்ல பிள்ளைகளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுத் தரட்டுமா அத்தை?" என்றேன். "என் பாட்டெல்லாம் போயிருமா?" என்று கேட்டார். அந்தப் போன் அவருடையது. அதில் எதை மாற்றினாலும் அவர் சம்மதம் வேண்டும், அவர் வழக்கம் கெடவும் கூடாது. பாட்டெல்லாம் அப்படியே இருக்கும் என்று காட்டியபிறகுதான் போனைக் கையில் கொடுத்தார்.

பேட்டர்னை எடுத்துவிட்டு அவருடைய விரல்ரேகையைப் பதிந்தோம். அதோடு அவரே யோசித்துச் சொன்ன ஒரு பின் எண். பிள்ளைகளுக்காக யூடியூப் கிட்ஸ் போட்டோம். அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று வயதுப் பிரிவுகள் உண்டு. தேடலை நிறுத்திவைக்கலாம், டைமரும் இருக்கிறது. பெற்றோர் பகுதிக்குள் நுழைய அது வழக்கமாக ஒரு பெருக்கல் கணக்குப் போடச் சொல்லும். வாய்ப்பாடு படித்த பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. அதனால் சொந்தமாக நான்கு இலக்க எண் வைத்துவிடுங்கள். அடுத்தது ஆப் பின்னிங். பாதுகாப்பு செட்டிங்ஸில் அதை இயக்கி, வெளியேறும்போது பின் எண் கேட்கும்படி வைத்தால், யூடியூப் கிட்ஸைத் திறந்து பின் செய்து கொடுத்த போனிலிருந்து பிள்ளை வேறு எங்கும் போக முடியாது. ஐபேடிலும் ஐபோனிலும் இதே வேலையைச் செய்ய கைடட் ஆக்சஸ் இருக்கிறது.

பின் செய்யாமல் போன் பிள்ளை கைக்குப் போகும் நாளும் வரும் என்பதால், யூபிஐ லைட் இருக்கும் போன் என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை அது பின் எண் கேட்காமலேயே அனுப்பும்.

பின்னிங் வேலை செய்கிறது. ஆனால் அதைப் போடுவது ஒரு முதியவருக்கு எளிதாக இல்லை. சமீபத்தில் திறந்த ஆப்களின் திரைக்குப் போக வேண்டும், அங்கே ஆப்பின் சின்னத்தைத் தொட வேண்டும், வருகிற பட்டியலில் பின் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் மங்கலான, விரல் நடுங்குகிற கைக்கு இது பெரிய வேலை. அத்தை இதைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் செய்கிறார். பேரன் அவசரப்படுத்தினால், "இருடா, அப்பத்தா பூட்டித்தான் தருவேன்" என்கிறார். சாவி இப்போது அவர் கையில். அவர் அலுத்துப்போகிற நாளில் போன் பழையபடி அப்படியே கை மாறிவிடும் என்பதும் உண்மைதான்.

போன் செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பொத்தான். போனின் பக்கவாட்டிலோ பூட்டுத் திரையிலோ இருந்தால் போதும். பெரியவர் ஒருமுறை அழுத்தினால் அது பிள்ளையின் போனாக மாற வேண்டும். அவர் விரல் வைத்தால் மட்டுமே திரும்ப அவருடையதாக வேண்டும். நடுவில் நடப்பது பெரியவரின் கணக்கில் சேரக்கூடாது. அங்கே இருப்பது குழந்தை என்று யூடியூப்புக்கும் மற்றவர்களுக்கும் தெரியவும் வேண்டும். இதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் ஆண்ட்ராய்டுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

அதுவரை என் தீர்ப்பு இது. சொந்தப் போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஃபேமிலி லிங்க் போடத் தயங்க வேண்டாம், அது இலவசமும்கூட. பலர் கை மாறும் போனுக்கு ஏற்றது என்று சொல்ல இன்று ஒரு ஆப்பும் என் கண்ணில் படவில்லை. யூடியூப் கிட்ஸையும் ஆப் பின்னிங்கையும் சேர்த்துப் போடுங்கள். போடும் முன் போனின் சொந்தக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த முறை போன் வாங்கும்போது பல பயனர் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.