கிழங்கான் தின்னும் காலம்

கிழங்கான் மீனை அறிந்துகொள்ளப் பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் சரியான காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017இலிருந்து 61 நாளாகிவிட்டது. அந்த நாட்களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய மீன் குறைந்துவிடும். கேரளத்திலிருந்து ஐஸில் கிடந்து வரும் வஞ்சிரத்துக்குச் சென்னை கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருக்கும். அதே வாரங்களில் காத்திவாக்கத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் எண்ணூர் முகத்துவாரத்தில், சிறு படகும் வீச்சுவலையும் தூண்டிலும் வைத்திருப்பவர்கள் வழக்கம்போல மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தடை அவர்களுக்குக் கிடையாது. காலையில் பிடித்தது காலையிலேயே கரைக்கு வந்துவிடும். அந்தக் கூடைகளில் நான் முதலில் தேடுவது கிழங்கானைத்தான்.

மெலிந்து நீண்ட உடம்பு, கூர்மூக்கு, வெள்ளிப் பக்கங்கள், ஈரமணல் நிறத்தில் முதுகு. பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும். அபூர்வமாக 30 செ.மீ. வரை வளரும். செங்கடலில் இதைப் பார்த்து எழுதிவைத்தவர் இயற்கையியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால். அவர் ஏமனில் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1775இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின. கிழங்கானின் நெருங்கிய உறவான ‘கிசு’வை ஜப்பானியர் கரையில் நின்று தூண்டில் வீசிப் பிடிக்கிறார்கள், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கு அது பெயர்பெற்ற மீன். நாம் மட்டும் இதைச் சில்லறை மீன் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

இந்த மீனின் குணம் முழுதும் மணலில் இருக்கிறது. மணலும் மணல் கலந்த சேறும்தான் அதன் வீடு. அங்கே புழுவையும் பொடி இறாலையும் கிளறித் தின்னும். வலை நெருங்கினால் நீந்தி ஓடாது, தலைகீழாக மணலுக்குள் புதைந்துகொள்ளும். வலையின் ஈயக்கயிறு அதன் மேலேயே உரசிக்கொண்டு போய்விடும். அதனால் கிழங்கானுக்குத் தூண்டில்தான் பொருத்தம். மணல் எங்கே சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு மீன் எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

தூண்டில் என்றதும் விலை உயர்ந்த கழியும் சுழல் உருளையும் வாங்க ஓட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய மெல்லிய தங்கூசி நரம்பு போதும். நுனியில் சின்ன முள், அதற்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு. கிழங்கானின் வாய் சிறியது. பெரிய முள் போட்டால் இரையை நக்கிவிட்டுப் போய்விடும். ஓடு உரித்த இறாலை விரல்நகம் அளவுக்குக் கிள்ளி, முள்முனை மட்டும் தெரியும்படி கோத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதை நீர்தான் சொல்லும். நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும்; ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக் கரையில் ஏற்றவற்றம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும். வற்றும்போது ஆற்றின் கலங்கல் வெளியே வரும். ஏறத் தொடங்கியதும் தெளிந்த கடல்நீர் உள்ளே நுழைந்து மணல்திட்டுகளை மூடும். கிழங்கானும் கூடவே மேயவரும். ஏற்றத்தின் முதல் இரண்டு மணி நேரமும் விடிகாலையும் ஒன்றாகச் சேரும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குனி வெயிலில் எட்டரை மணிக்குமேல் மணலில் நிற்க முடியாது.

இரையைத் தூர வீசி, ஈயம் அடியில் உட்கார்ந்ததும் நரம்பை ஒரு முழம் மெதுவாக இழுத்து நிறுத்துங்கள். மறுபடி ஒரு முழம். ஈயம் மணலில் ஊர்ந்துவருவது விரலில் தெரியும். சேற்றில் என்றால் அது இழுபடும் விதமே வேறு. கிழங்கான் கொத்துவது சட்டென்று இரண்டு சுண்டு சுண்டுவதுபோல் இருக்கும். உடனே கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சீராக இழுத்தாலே முள் ஏறிவிடும். கனமே இல்லாத மீன், ஆனால் கரை வரும்வரை அந்தத் துடிப்பு விரலைவிட்டுப் போகாது. தூண்டிலின் சுகம் எனக்கு அந்தத் துடிப்பில்தான். உள்ளங்கை நீளம்கூட இல்லாததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். பேத்தை மாட்டினால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதையும் விட்டுவிடுங்கள், விஷமீன். கெளுத்தி வந்தால் முள்ளைத் தொடாமல் துணியால் பிடியுங்கள்.

ஆற்றில் மீனவர் போட்ட வலைக்குப் பக்கத்தில் தூண்டில் வீசக்கூடாது. பாடு என்னும் முறைவைப்பு பழவேற்காட்டில் பெயர்பெற்றது. இங்கேயும் எந்தக் குப்பம் எந்த நாளில் எங்கே வலை போடும் என்பதற்குக் கணக்கு உண்டு. கரையில் இருப்பவரிடம், “அண்ணே, இங்க நின்னு போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இடத்தையும் சொல்வார்கள், அன்றைக்கு நீர் எப்படி என்பதையும் சொல்வார்கள்.

எந்த நீரில் பிடித்த மீன் என்பதையும் இங்கே பேசியே ஆகவேண்டும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாக ஆற்றில் படிந்து, மணல் இருந்த இடங்களைக் கால் புதையும் சாம்பல் சேறாக்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் புகுந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. மணலை நம்பி வாழும் மீனுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. அதைப் பிடித்துப் பிழைக்கும் மனிதர்களுக்கும்தான். ஆகவே வாய்க்கால்கள் வந்து விழும் இடத்திலும் சாம்பல் திட்டுகளிலும் பிடிக்காதீர்கள், அங்கே பிடித்ததைச் சமைக்காதீர்கள். மீனில் ஏறிய உலோகம் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. முகத்துவாரத்தின் கடல்பக்க மணல்தான் நான் சொல்லும் இடம். மண்ணெண்ணெய் வாடை லேசாக அடித்தாலும் அந்த மீன் வேண்டாம்.

தூண்டில் போட மனமில்லாதவர்கள் கூடைக்காரப் பெண்களிடமே வாங்கலாம். “அக்கா, இது ஆத்துக் கிழங்காவா, கடல் கிழங்காவா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கண் பளிங்குபோல் இருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், தலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு தொங்காமல் விறைத்து நிற்கவேண்டும். மென்மையான சதை என்பதால் இந்த வெயிலில் சீக்கிரம் கெடும். வயிறு வெடித்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

செதில் பொடியானது, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்குச் சுரண்டினால் வந்துவிடும். குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, கல் உப்புப் போட்டு நன்றாக அலசுங்கள். மணல் ஒளிந்திருப்பது செவுளுக்குள்தான்.

வறுவலுக்கு மசாலா குறைவாக இருப்பதே மரியாதை. அரைக் கிலோ மீனுக்கு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல். இஞ்சி பூண்டு வேண்டாம் என்பது என் கட்சி. வஞ்சிரம் அதைத் தாங்கும், கிழங்கானின் மெல்லிய இனிப்பு தாங்காது. சோளமாவும் சிவப்புச் சாயமும் பக்கத்திலேயே வரக்கூடாது. அரை மணி ஊறட்டும். இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெய் காய்ந்ததும் இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு பக்கம் மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானால் தானாகவே கல்லைவிட்டுக் கிளம்பும். திருப்பி இன்னும் இரண்டு நிமிடம். தட்டில் வந்ததும் முதுகுக்கோட்டில் விரலால் பிளந்தால் வெண்சதை இரண்டு பக்கமும் விலகும். நடுமுள்ளை வாலிலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். முதல் துண்டைச் சோறு இல்லாமல் தின்று பாருங்கள்.

குழம்புக்கு இந்தப் பருவம் தரும் துணை மாங்காய். மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூளும் வழக்கத்தில் பாதிப் புளியும் சேர்த்து, பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். பிறகு தோலோடு நறுக்கிய மாங்காய், அதன் கொட்டையும் சேர்த்து. மாங்காய் முக்கால் வெந்து, எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் மீனைப் போடவேண்டும். அதற்குப்பின் கரண்டி உள்ளே போகக்கூடாது. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு இறக்கி ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். புளிப்பு மீனுக்குள் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். கொட்டையில் ஒட்டிய சதையைச் சப்பும் உரிமை யாருக்கு என்பதை அதற்குள் வீட்டில் பேசி முடித்துக்கொள்ளலாம்.