தெரியாத மொழியில் தரம் பார்ப்பது

மொழிபெயர்ப்பாளரை அமர்த்துகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு மொழிகளில் ஒன்று தெரியாது. தெரிந்திருந்தால் ஆள் தேடியிருக்க மாட்டார். ஆகவே சான்றிதழ், பட்டம், ஏஜென்சியின் பெயர் என்று வெளி அடையாளங்களைப் பார்த்தே நம்புகிறார். கொரிய–ஆங்கில மொழிபெயர்ப்புத் துறையில் இந்த நம்பிக்கை ஓரளவுக்குத்தான் செல்லும்.

பட்டத்துக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. சியோலில் ஹன்குக் அயல்மொழிப் பல்கலைக்கழகம் 1979-இலும், இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் 1997-இலும் மொழிபெயர்ப்புக்கும் உரைபெயர்ப்புக்கும் என்றே முதுநிலைப் பள்ளிகளைத் தொடங்கின. தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினைமுற்று கடைசியில்தான் வரும். பேசுபவர் ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று தெரியும் முன்பே, பேச்சை உடனுக்குடன் பெயர்க்கும் உரைபெயர்ப்பாளர் ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கியாக வேண்டும். இந்தப் பழக்கம் பயிற்சியால் வருவது. இருமொழி வீட்டில் பிறந்துவிட்டால் மட்டும் வந்துவிடாது. மாநாடுகளில் உரைபெயர்ப்பாளர்கள் இருவராக அமர்ந்து 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதும் சொகுசுக்காக அல்ல. ஒருவரே போதும் என்று செலவைச் சுருக்கும் அமைப்பாளர்களுக்கு இது மதியத்துக்கு மேல் புரியும்.

வேலை விளம்பரங்களில் 'டோபிக்' என்னும் கொரிய மொழித் திறன் தேர்வில் ஆறாம் நிலை கேட்பதை என்னால் அப்படி மதிக்க முடியவில்லை. அத்தேர்வின் மேல்நிலைத் தாள் கேட்டல், எழுதுதல், படித்தல் மூன்றையும்தான் சோதிக்கிறது. மொழிபெயர்ப்பு அதில் இல்லவே இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஆலைத் தளத்தில் நிற்கும் உரைபெயர்ப்பாளருக்கு வெல்டிங் பற்றியும் தரச் சோதனை பற்றியும் தெரியாவிட்டால் ஆறாம் நிலை என்ன செய்யும்?

2020 ஆஸ்கர் பருவத்தில் 'பாரசைட்' இயக்குநர் பொங் ஜூன்-ஹோவுக்கு உரைபெயர்த்த ஷாரன் சோய், தொழில்முறை உரைபெயர்ப்பாளர் அல்ல, சினிமா படித்தவர். துறையறிவு அங்கே கைகொடுத்தது. அதற்காகப் பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? மேடையில் பேசியதைக் கொரியாவே கவனித்துக்கொண்டிருந்தது. தவறினால் அன்றே தெரிந்திருக்கும். காகிதத்தில் நடப்பது வேறு. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கொரியப் பிரதியில் 207 பிழைகளும், அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தில் 296 பிழைகளும் இருந்ததைத் தென்கொரிய அரசே ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்தில் வைத்ததைத் திரும்பப் பெற்று, திருத்தி, மறுபடி வைத்தார்கள். ஓர் அரசுக்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமலா போயிருப்பார்? மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் இத்தனை பிழைகள் தப்பியிருக்காது என்பது என் கணிப்பு.

ஆள் தேடும் நிறுவனங்கள் முதல் ஆளின் சான்றிதழை மாய்ந்து மாய்ந்து பார்க்கின்றன. இந்த இரண்டாம் ஆளைக் கேட்பதே இல்லை. தங்கள் ஆவணத்திலிருந்தே ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து, மாதிரி வாங்கிப் பார்க்கலாம். ஏஜென்சி வழியாகப் போனாலும் யார் மொழிபெயர்க்கிறார், யார் ஒப்பிடுகிறார் என்று இரண்டு பெயர்களைக் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது பெயருக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது நியாயமான கட்டணமே.