சாட்டை யார் கையில்?

நல்லாசிரியர் ஒருவர் வந்தார். நலிந்த பள்ளி நிமிர்ந்தது! இந்தக் கதை நம் நாட்டில் என்றும் விலைபோகும். புராணத்திலே அவதார புருஷன், வெண்திரையிலே ஆசிரியர். வேடந்தான் வேறு, நம்பிக்கை ஒன்றே: எவனோ ஒருவன் வருவான், எல்லாம் மாறும்!

2012-இல் வெளிவந்த 'சாட்டை' படத்தை இந்தக் கண்கொண்டு நோக்குகிறோம். அரசுப் பள்ளியைக் கதைக்களமாக்கிய இயக்குநர் அன்பழகனின் துணிவு பாராட்டுக்குரியது. இயற்பியல் ஆசிரியர் தயாளனாக வரும் சமுத்திரக்கனி, மாணவரை மனிதராக மதிக்கிறார், புதுமுறைகளைப் புகுத்துகிறார். எதிரே நிற்பவர் உதவித் தலைமையாசிரியர் சிங்கப்பெருமாள். அதிகார ஆணவத்தைத் தம்பி ராமையா அச்சாக வடித்துக் காட்டுகிறார்.

மக்கள் தயாளனுக்குக் கைதட்டுகின்றனர். தட்டட்டும்! ஆனால், நாம் கேட்கிறோம்: அப்பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் பிறவிச் சோம்பேறிகளா? அவர்களும் பட்டம் பெற்றவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களை முடக்கியது எது? உழைத்தால் பாராட்டில்லை, உறங்கினால் கேள்வியில்லை, புதியது செய்தால் ஏளனம்! அந்தச் சூழலைக் காட்டும் படம், அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறுகிறது. இதுவே அதன் குறை.

விடையோ படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜூனியர் பாலையா ஏற்ற தலைமையாசிரியர் பாத்திரத்தைப் பாருங்கள். ஆர்ப்பாட்டமில்லாத அந்த மனிதர் தயாளனுக்கு இடங்கொடுக்கிறார். அவர் மறுத்திருந்தால் தயாளனின் திறமை தாழ்வாரத்தைத் தாண்டியிருக்குமா?

இது வெறும் யூகமன்று. அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் வட்டாரப் பள்ளிகளை ஆராய்ந்த மாத்யூ கிராஃப்ட், ஜான் பாப்பே இருவரும் 2014-இல் தம் முடிவை வெளியிட்டனர். தலைமையின் துணை, சக ஆசிரியரின் ஒத்துழைப்பு, ஒழுங்கு ஆகியவை சிறந்திருந்த பள்ளிகளின் ஆசிரியர்கள், அவை குன்றிய பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்தாண்டுகளில் 38 விழுக்காடு கூடுதலாக முன்னேறியிருந்தனர். முன்னேற்றத்தை அளந்தது மாணவரின் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு. அனுபவம் எல்லாருக்கும் வளர்கிறது. திறமையோ தக்க மண்ணில்தான் தழைக்கிறது!

வீரநாயகனைப் போற்றும் கதையில் நிர்வாகத்துக்கு ஒரு வசதி உண்டு. பள்ளி தேறாவிட்டால், "தயாளன் கிடைக்கவில்லை" என்று கைகழுவிவிடலாம். பழி ஆசிரியர் தலையில். பாதிப்பு ஏழைப் பிள்ளையின் வாழ்வில்!

ஆகவே தோழர்களே, நம் ஊர்ப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது, ஆசிரியர் எப்படி என்பதோடு நில்லாதீர். தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்து பார்க்கிறாரா, வழிகாட்டுகிறாரா, ஆசிரியர் அச்சமின்றிக் கருத்துரைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். தலைமை நாற்காலி பணிமூப்புக்குத் தரும் பரிசா, பிள்ளைகளின் பொருட்டு ஏற்கும் பொறுப்பா என்று ஆள்வோரைக் கேளுங்கள்.

அவதாரத்துக்குக் காத்திருந்தது போதும். சாதாரண ஆசிரியரும் சிறந்து விளங்கும் பள்ளியே நமக்கு வேண்டும்!