கொக்கி ஊசியும் பீரளுத் தலையணையும்

குரோஷா பின்னினால் மனம் லேசாகும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆதாரமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 8,391 பேர் பதில் எழுதினார்கள். ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் மனம் அமைதியாகிறது என்றார்கள், பத்துக்கு எட்டுப் பேர் மகிழ்ச்சி கூடுகிறது என்றார்கள். ஆனால் அவர்கள் விரும்பிப் பின்னுகிறவர்கள். ஆந்திராவின் நரசாப்பூரில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பின்னும் பெண்ணிடம் அதே கேள்வித்தாளை நீட்டினால் என்ன எழுதுவார்? இந்தியாவிலும் இலங்கையிலும் நூல் லேஸ் வாழும் விதத்தை ஒப்பிடப் புகுந்தால் முதலில் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

நரசாப்பூரும் சுற்றுக் கிராமங்களும் மேற்கு கோதாவரி மாவட்டத்து டெல்டாவில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த மிஷனரிமார் ஏழைப் பெண்களுக்கு ஒரு வருமானம் கிடைக்கட்டுமே என்று சொல்லிக்கொடுத்த லேஸ் வேலை, பிறகு வியாபாரிகள் கைக்குப் போய் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே போய் ஆராய்ந்து, 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: நாளெல்லாம் பின்னினாலும் வயல் வேலைக்குப் போகும் பெண்ணின் கூலிகூட இவர்களுக்குத் தேறவில்லை. இவர்களைத் தொழிலாளிகள் என்று யாரும் எண்ணவும் இல்லை. வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள் என்பதே ஊர்ப் பேச்சு. வேலையும் கூறு கூறாகப் பிரிந்திருந்தது. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். பூப் பின்னியவள் முழு மேசை விரிப்பைப் பார்க்காமலே போகலாம். நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லதுதான், கூலிக்கு அது பாதுகாப்பு ஆகாது.

இதில் ஒரு முரண் உண்டு. உண்மையான குரோஷா பின்னலை இன்றுவரை எந்த இயந்திரமும் செய்வதில்லை. துணிக்கடைகளில் 'குரோஷா லேஸ்' என்று மீட்டர் கணக்கில் விற்பதெல்லாம் வேறு பின்னல், தோற்றம் மட்டும்தான் குரோஷா. இயந்திரப் போட்டியே இல்லாத வேலைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டாமா? கைகள் மலிவாகக் கிடைக்கும்வரை கிடைக்காது.

இலங்கையில் லேஸ் என்றதும் நினைவுக்கு வருவது தென்கரையின் பீரளு. காலி, மாகல்ல, வெலிகம பக்கத்துச் சிங்களப் பெண்கள் செய்வது. போர்த்துக்கீசர் காலத்தில் வந்தது என்பார்கள். இதற்குக் கொக்கி ஊசி கிடையாது. உருளைத் தலையணையில் புள்ளியிட்ட மாதிரித்தாளைப் பொருத்தி, குண்டூசிகள் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். பெரும்பாலும் ஒருத்தியே தொடங்கி ஒருத்தியே முடிப்பாள். தன் வீட்டு வாசலிலோ சுற்றுலாப் பயணி வரும் தெருவிலோ தானே விற்பவர்களும் உண்டு. அந்த அளவில் நரசாப்பூர்ப் பெண்ணைவிட இவள் தன் வேலைக்குச் சொந்தக்காரி. ஆனால் இவளுக்கு வேறு எதிரி: இந்த வகை லேஸை இயந்திரம் எப்போதோ நகலெடுத்துவிட்டது. இன்று தலையணை முன் உட்காருபவர்களில் வயதானவர்களே அதிகம், இளையவர்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிறார்கள்.

பீரளுவின் நெருங்கிய இந்திய உறவு நரசாப்பூரில் இல்லை, நாகர்கோவிலில் இருக்கிறது. 1819இல் மிஷனரிக் கணவரோடு அங்கு வந்த மார்த்தா மால்ட், தம் விடுதிப் பள்ளிப் பெண்களுக்குத் தலையணை லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. லேஸ் விற்ற காசில் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் உண்டு. கைவேலையால் வரும் நன்மை என்று பேசும்போது மன அமைதியோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு இந்த நாகர்கோவில் பெண்கள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இலங்கையில் மனைப்பொருளியலும் கலையும் கைப்பணியும் சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கக்கூடிய பாடங்கள், மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தையலுக்கென்று சிறப்பாசிரியர் பணியிடம் இருக்கிறது. ஆனால் தையல் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வதைப் பார்க்காத மாணவி யார்? நம் ஊரில் ஒயர்கூடையும் குரோஷாவும் பரவியது அக்காமார், சித்திமார் வழியாகத்தான். டிவி மேல் விரித்த பூ விரிப்புகளை இன்று கேலி செய்கிறோம், ஆனால் அவற்றில்தான் பலர் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொடுப்பவருக்குக் குரோஷாவில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு கண்ணியை முடித்ததும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு வளையம்தான். தப்பினால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், நூலுக்குச் சேதமில்லை. பீரளுவில் பல ஜோடிக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பதற்றமுள்ளவருக்கு எது உகந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊசியும் நூலுருண்டையும் கைப்பைக்குள் அடங்கிவிடும், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போதும் பின்னலாம். தலையணையை எங்கே தூக்கிப் போவது?

தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவார்கள், சதுரம் மெல்ல முக்கோணமாகும். எண்ணச் சொல்லுங்கள். வட்டம் பின்னும்போது ஆறு கண்ணியில் தொடங்கினால் சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும். குறைத்தால் கிண்ணமாகும், கூட்டினால் அலையடிக்கும். அந்த எண்ணிக்கையில்தான் வீட்டுக் கவலை சற்று நேரம் ஒதுங்கி நிற்கிறது. நம் வெக்கைக்கு வியர்த்த விரலில் ஒட்டும் அக்ரிலிக் உல்லன் வேண்டாம், வெளிர் நிறப் பருத்தி நூலும் நான்கு மில்லிமீட்டர் ஊசியும் போதும். நரசாப்பூரின் மெல்லிய நூலும் நுண் ஊசியும் பழகிய கைக்கு உரியவை.

சென்னையைச் சொல்லாமல் விட முடியாது. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னியவற்றை இணைத்த போர்வை அது. கவனியுங்கள், வேலை பிரிந்த விதம் நரசாப்பூரைப் போன்றதே: ஒருவர் துண்டைப் பின்ன, இன்னொருவர் சேர்க்கிறார். ஆகவே துண்டாகப் பின்னுவதைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னைப் பெண் தன் நேரத்தைத் தானே கொடுத்தாள், விரித்த போர்வையில் தன் சதுரத்தைத் தேடிப் பார்க்கவும் முடிந்தது. நரசாப்பூர்ப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

இலங்கையில் போருக்குப் பின் வன்னியில் பெண் தலைமைக் குடும்பங்களுக்கென வந்த வாழ்வாதாரத் திட்டங்களிலும் தையலும் கைப்பணியும் இருந்தன. அப்படியொரு வகுப்பை இனி எந்தக் கரையில் தொடங்கினாலும், கூலிக்கான பயிற்சியா மகிழ்ச்சிக்கான பயிற்சியா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மகிழ்ச்சிக்கு என்றால், முதலில் பின்னியதை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். கூலிக்கு என்றால், விலையை மணிக்கணக்கில் போடக் கற்றுக்கொடுங்கள். வாங்குகிறவர்களும் கண்காட்சியிலோ காலித் தெருவிலோ பேரம் தொடங்கும் முன், இதைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.