பீட்டில் காருக்குப் புது ஆக்சிலரேட்டர் கேபிள்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

வோக்ஸ்வாகன் பீட்டிலில் எஞ்சின் பின்னால், பெடல் முன்னால். இரண்டையும் இணைப்பது சுமார் 2.6 மீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகு கேபிள் ஒன்றுதான். அது அறுந்தால் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி வேகமெடுக்காது. அறுவதற்கு முன் பிசிறுவிட்டுக் குழாய்க்குள் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம்: காலை எடுத்த பிறகும் வேகம் குறையாது. கிளட்சை மிதித்து, சாவியை அணைத்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். ஆகவே விலை மலிவான சாமான்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருள் இல்லை இது.

நல்ல வேளையாக, பீட்டிலுக்கு உதிரிபாகப் பஞ்சம் இல்லை. 1972 பிப்ரவரியில் ஃபோர்டு மாடல் டி-யின் உற்பத்திச் சாதனையை முறியடித்த கார் இது. மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்த 2003 ஜூலை 30 வரை மொத்தம் 2,15,29,464 கார்கள் உருவாயின. இத்தனை வண்டிகளுக்கான தேவை இருப்பதால் பல வெளி நிறுவனங்கள் இன்றும் கேபிள் தயாரிக்கின்றன. கிடைப்பதில் எது தரமானது என்று பார்க்க, இரண்டு நிறுவனங்களின் கேபிள்களை வரவழைத்தோம். சோதித்துப் பார்த்த வண்டி கோவையில் நண்பர் வைத்திருக்கும் 1967 மாடல், 1,500 சிசி. அதன் பழைய கேபிளில் கார்ப்பரேட்டர் பக்கம் இழைகள் பிரிந்து நின்றன. பெடல் கனத்துப் போய், பாதி வழியில் தயங்கித்தான் மேலே வந்தது.

ஆர்டர் செய்யும் முன்

கேபிளின் நீளம் மாடலுக்கு மாடல் சில சென்டிமீட்டர் மாறும். நீளம் கூடினால் முழு த்ராட்டில் கிடைக்காது. குறைந்தால் மாட்டவே வராது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1955-லிருந்து வோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. 1966 அக்டோபரில் தயாரான கார் 1967 மாடல். ஆர்சி புத்தகத்தில் இருப்பது பதிவு செய்த ஆண்டாக இருக்கலாம். ஆகவே சேசிஸ் எண்ணை வைத்து மாடல் ஆண்டை உறுதி செய்துகொண்டு, கழற்றிய பழைய கேபிளையும் அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

எங்களுக்கு வந்த இரண்டும் நீளத்தில் சரியாகவே இருந்தன. வேறுபாடு முனைகளில்தான். பெடல் பக்கம் கொக்கியில் மாட்டும் வளையத்தை, விலை கூடிய கேபிளில் நன்றாக அழுத்திப் பிடித்து, விளிம்பை மழுக்கியிருந்தார்கள். மலிவான கேபிளில் அழுத்திய இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கார்ப்பரேட்டர் பக்கத்து முனையும் லேசாக வளைந்து வந்தது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பழைய பனியன் துணியால் கேபிளைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுங்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே இழை உடைந்திருக்கிறது என்று பொருள். இழை பிரிந்த கேபிளை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் ஏற்றக் கூடாது. மலிவான கேபிளில் வளையத்தை ஒட்டித் துணி இரண்டு இடத்தில் மாட்டியது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொருத்தினோம்.

பொருத்தும் முறை

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பீட்டிலில் அது பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

கார்ப்பரேட்டரின் த்ராட்டில் லீவரில் சின்ன உருளைப் பின் ஒன்று இருக்கும். கேபிள் முனை அதன் துளை வழியாகப் போய், ஒரு ஸ்க்ரூவால் இறுகி நிற்கும். அதைத் தளர்த்தி, ஸ்பிரிங்கையும் அதன் மூடியையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். முன்னால் பெடல் கொக்கியிலிருந்து வளையத்தைக் கழற்றி, பழைய கேபிளை முன்பக்கமாக உருவி எடுங்கள்.

கேபிள் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பெடலிலிருந்து நடு டன்னலுக்குள் இருக்கும் எஃகுக் குழாய். வண்டியின் அடியில் கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் குழல். அதன்பின் எஞ்சின் முன்தகட்டைக் கடந்து, கூலிங் பேன் கூட்டுக்குள் இருக்கும் குழாய் வழியாகக் கார்ப்பரேட்டர். புது கேபிளின் முழு நீளத்துக்கும் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, முன்பக்கமிருந்து தள்ளுங்கள். டன்னல் குழாயில் தங்குதடையின்றிப் போகும். எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். லேசாகத் திருகியபடி தள்ளினால் வழி கிடைக்கும்.

பெரும்பாலோர் அவசரப்படுவது வண்டியின் அடியில்தான். டன்னல் முடியும் இடத்தில் இருக்கும் ரப்பர் பூட், தண்ணீரும் மண்ணும் குழாய்க்குள் போகாமல் தடுக்கிறது. பழைய பூட் வெடித்திருந்தால் புது கேபிள் போட்டாலும் முதல் மழையிலேயே குழாய்க்குள் சேறு ஏறும். பிளாஸ்டிக் குழலும் எஞ்சின் சூட்டில் விறைத்துப் போகும் சாமான். பூட், குழல், உருளைப் பின், ஸ்க்ரூ ஆகிய நான்கையும் கேபிளோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். குழல் எங்கும் கூர்மையாக வளையாமல், சீரான வளைவோடு போக வேண்டும். ஒரே இடத்தில் மடங்கினால் இழைகள் அங்கேதான் அறுபடத் தொடங்கும்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

இனி அட்ஜஸ்ட்மெண்ட். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுவதும் மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னால் த்ராட்டில் லீவரை முழுமையாகத் திறந்து, கார்ப்பரேட்டரில் அது முட்டும் இடத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இந்த இடைவெளிதான் கேபிளின் ஆயுள். இடைவெளியே இல்லாவிட்டால், பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் காலின் முழு பலமும் கேபிள் மேல் விழும். நல்ல கேபிளும் சீக்கிரம் அறுந்து போவதற்கு இது முக்கியக் காரணம்.

பெடலை விட்ட நிலையில் லீவர் முழுமையாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பலமுறை மிதித்து விடுங்கள்; ஒவ்வொரு முறையும் லீவர் "டக்" என்று திரும்ப வேண்டும். அதன் பிறகே சாவியைத் திருப்புங்கள். சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்று அளவில் ஐடிலிங்கில் நின்றால் கேபிள் லீவரை இழுத்துப் பிடிக்கவில்லை என்று நம்பலாம்.

சாலையில்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் ஏறிப் பார்த்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும் வேலை ஓயாது. கேபிளைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான சாலை அமையாது. பெடல் இலேசாக இறங்கியது. கால் கொடுத்த அளவுக்குத்தான் எஞ்சின் ஏறியது; காலை எடுத்ததும் உடனே அடங்கியது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெல்லப் போகும்போது முன்பு இருந்த வெட்டி வெட்டி இழுக்கும் குணம் போய்விட்டது. அறுபது வயதை நெருங்கும் எஞ்சினில் எதையும் தொடவில்லை. மாற்றியது கேபிளும் அதைச் சேர்ந்த சில்லறைச் சாமான்களும் மட்டுமே. கீழே இறங்கி, சூடு ஆறிய பிறகு ஸ்க்ரூவைச் சரிபார்த்தோம்; தளரவில்லை.

முடிவு

சரியான நீளமும் சுத்தமான முனைகளும் உள்ள ஆஃப்டர்மார்க்கெட் கேபிளைத் தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும்போது கேபிளின் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாக வரக்கூடும். ஆகவே பூட், குழல், பின் எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வரவழையுங்கள். சைக்கிள், ஸ்கூட்டர் பிரேக் கேபிளை வெட்டி, ஸ்க்ரூ நிப்பிள் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. வீடு வந்து சேர அது உதவலாம்; நிரந்தரமாக அதை விட்டுவைக்காதீர்கள். வெட்டிய முனையில் இழைகள் பிரிந்தே தீரும். கேபிள் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை வண்டியில் பொருத்துங்கள். இன்னொன்றை மடங்காமல் வட்டமாகச் சுருட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு முன்டிக்கியில் வையுங்கள்.