உருட்டும் முடுகும்: சோனிக் விளையாட்டுகளின் விரைவுக் கட்டங்கள்

விரைவு என்பது ஒரே தன்மையதன்று. இருபது வண்ணங்களை வகுத்த தொல்காப்பியச் செய்யுளியல், விரைந்து செல்லும் ஓசையையும் உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என இரண்டாகக் காண்கின்றது. முன்னையது அராகம் தொடுத்து உருண்டு செல்வது. பின்னையது அடியின் எல்லை புலப்படாவண்ணம் அதனைக் கடந்து ஓடுவது. யாப்புக்கு வகுத்த இப்பாகுபாட்டை வீடியோ விளையாட்டுக்கு ஏற்றுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் 'வேகம்' என்ற ஒரு சொல்லாலேயே யாவற்றையும் அளந்துவிடுவதால், இங்கு ஒரு பாகுபாடு வேண்டியுள்ளது.

ஜப்பானின் சேகா நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட சோனிக், நீலநிற முள்ளெலி ஒன்றினை நாயகனாகக் கொண்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் விளையாட்டில் 'கெமிக்கல் பிளாண்ட்' என்னும் இரசாயன ஆலைக் கட்டம் இடம்பெற்றது. 2011இல் வந்த 'சோனிக் ஜெனரேஷன்ஸ்' இதே ஆலையைப் பழைய முறையில் ஒரு பகுதியாகவும் புதிய முறையில் மற்றொரு பகுதியாகவும் அமைத்துத் தந்தது. ஒரே பொருளை இரு புலவர் பாடியதற்கு ஒப்பான இவ்வாய்ப்பு விமர்சகனுக்கு அரிதாகவே கிட்டும்.

பழைய முறையில் நாயகன் உடலைச் சுருட்டி உருள்கின்றான். உருளுங்கால் முன்செல்லும் பொத்தானை எவ்வளவு அழுத்தினும் வேகம் கூடுவதில்லை. நிலத்தின் சரிவே வேகத்தைத் தருகின்றது, ஏற்றமே அதனைப் பறிக்கின்றது. எங்கே உருள்வது, எங்கே எழுந்து ஓடுவது என்பதை அறிந்தவனுக்கே மேற்பாதை வசமாகும். தவறியவன் கீழே விழுந்து, ஆலையின் ஊதாநிறத் திரவத்தில் மூச்சுமுட்டும் அபாயத்துடன் மெல்ல நடக்கின்றான். மூச்சு முடியப்போவதை அறிவிக்கும் அவ்விசையைக் கேட்டவர் எளிதில் மறவார். விரைவுக்கு இத்தகைய மந்தமே அளவுகோலாக அமைகின்றது.

புதிய முறையிலோ வேகம் பொத்தானில் உள்ளது. 2005இல் 'சோனிக் ரஷ்' அறிமுகப்படுத்திய உந்துவிசையை அழுத்திய கணமே நாயகன் பாய்கின்றான். எதிர்ப்படும் பகைவர் தொட்ட மாத்திரத்தே சிதறுகின்றனர். காட்சி பின்புறமிருந்து பக்கவாட்டுக்கு மாற, ஓரிடம் முடிந்து மற்றோரிடம் தொடங்கிய எல்லையே தெரிவதில்லை. இதுவே முடுகு. கண்ணுக்கு இது பேரின்பம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆடுபவன் ஈட்டிய வேகம் இதில் எவ்வளவு என்பது வினாவுக்குரியது.

ஜிந்துப்பிட்டியில் உறவினர் இல்லமொன்றில் தமையனும் தம்பியும் இவ்விரு பகுதிகளையும் ஆடக் கண்டோம். புதிய பகுதியில் எட்டு வயதுத் தம்பியும் முதல் முறையிலேயே மின்னலெனச் சென்றான். பழைய பகுதியிலோ பலமுறை வீழ்ந்தான். ஐந்தாம் முறை ஒரு சரிவில் தக்க தருணத்தில் சுருண்டு மேற்பாதையை அடைந்தபோது இருக்கையை விட்டே எழுந்துவிட்டான். முன்னைய வெற்றிக்கு அவன் அவ்வாறு எழவில்லை.

இதனாற் பழையன யாவும் சிறந்தன என்று கொள்ளலாகாது. 1991இன் முதல் விளையாட்டு, பசுங்குன்றுக் கட்டத்தில் ஓடக் கற்பித்துவிட்டு, அடுத்த 'மார்பிள்' கட்டத்திலேயே கற்களைத் தள்ளியும் எரிகுழம்புக்குக் காத்தும் நிற்க வைத்தது. அது யாப்புப் பிழை என்றே கருதுகின்றோம். புதிய முறையிலும், கட்டத்தை மனனஞ் செய்துகொண்டவன் உந்துவிசையை எங்கே அடக்குவது என்று அறிந்து ஆடுகையில் ஒரு நுட்பம் தோன்றவே செய்கின்றது.

2017இல் வெளியான 'சோனிக் மேனியா' இந்த ஆலையை மூன்றாம் முறை எடுத்தாண்டு, உருட்டுக்கே மீண்டது. ஆனால் இரண்டாம் பகுதியின் இறுதியில் ஓட்டத்தை முற்றாக நிறுத்தி, நிறக் குமிழ்களை அடுக்கும் புதிரொன்றைப் பகைவனுக்கு எதிரே வைத்தது. விரைவுக்குப் பேர்போன தமையன் அவ்விடம் வந்ததும் ஆட்டத்தைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டான்.